என் முகத்தைப் பற்றிக் கேட்டவர்கள் அந்த க்ரீமைப் பற்றிக் கேட்கவில்லை

போன மாதம் நெல்லிக்குப்பத்தில் ஒரு நிக்காஹ். மணப்பெண்ணுக்கு நான்தான் மேக்கப். வேலை முடிந்து பிரஷ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணின் சாச்சி (சித்தி) பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நீ போன்ல வீடியோல்லாம் போடுறியாமே, மாப்புள ஒண்ணும் சொல்றதில்லையாம்மா?" என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அவங்களுக்குத் தெரிஞ்சுதான் சாச்சி செய்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஆறு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முகம் தெரிகிறதே, குரல் கேட்கிறதே, ஆண்களும் பார்ப்பார்களே, ஜமாஅத்தில் பேச்சு வராதா. ஆனால் இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இன்றுவரை ஊரில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது பரங்கிப்பேட்டை. வாழ்க்கைப்பட்டது கடலூர் முதுநகர். வாப்பா சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவர், கணவரும் சபுராளி, ஷார்ஜாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களில் பாதி வீடுகளுக்கு இதுதான் கதை: ஆண்கள் கடலுக்கு அப்பால், வீட்டை நடத்துவது பெண்கள். என் உம்மாவைப் பெற்றவர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தாமல் தெருவில் இறங்கியதில்லை. ஆனால் வீட்டுக்குள் அவர் இருக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் சுருமா, காது மடலுக்குப் பின்னால் ஒரு துளி அத்தர், தலைக்குக் குளித்தால் சாம்பிராணிப் புகையில் முடியை விரித்துக் காயவைப்பார். பெருநாளுக்கு முதல் நாள் மருதாணி இலையை அம்மியில் மை போல அரைத்து, அதில் தேயிலைச் சாற்றையும் எலுமிச்சையையும் சேர்த்து, வரிசையாக உட்காரவைத்து எங்கள் எல்லோர் கையிலும் அப்பிவிடுவார். இரவு முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே தூங்க வேண்டும். காலையில் பார்த்தால் ஆரஞ்சாகத்தான் இருக்கும், அடுத்த நாள்தான் கருஞ்சிவப்பாகும். அவர் கை வைத்தால் சிவக்கும் என்று தெருவே சொல்லும்.

அதனால் அலங்காரம் எங்களுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது எப்போதும் இருந்தது, வீட்டுக்குள் பெண்களுக்கு நடுவில் இருந்தது. "அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான்" என்ற நபிமொழியைச் சின்ன வயதிலேயே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது வந்த பதில் அது. போன் வந்த பிறகு உள்ளே எது, வெளியே எது என்பதுதான் குழம்பிப்போயிருக்கிறது. அந்தக் குழப்பம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது துபாய் பார்சலில். நானா (அண்ணன்) வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் பெட்டியில் டாங் டப்பா, கோடாலித் தைலத்துக்கு நடுவே ஒருமுறை ஹுதா பியூட்டி பொய் இமை ஒரு ஜோடி வந்தது, யாரோ நானாவின் மனைவிக்குக் கொடுத்தது. யார் இந்த ஹுதா என்று தேடிப் பார்த்தேன். ஹுதா கத்தான், ஈராக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பத்துப் பெண். வேலை போன பிறகு மேக்கப் படித்து, 2010-ல் துபாயில் வலைப்பூ ஆரம்பித்து, 2013-ல் அக்காவிடம் 6,000 டாலர் கடன் வாங்கிப் பொய் இமை விற்பனையில் இறங்கி, துபாய் மாலில் உள்ள செபோரா கடையில் வைத்தவர். முக்காடு போடாதவர், நம்மூர்ப் பெண்களின் வாழ்க்கைக்கும் அவர் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் அந்த அக்கா கடன் என்னைப் பிடித்துக்கொண்டது. என் லாத்தாவின், அதாவது அக்காவின், சீட்டுப் பணத்தில்தான் நானும் முதல் மேக்கப் பெட்டி வாங்கினேன்.

2019-ல் டிக்டாக்கில் ஆரம்பித்தேன். முகத்தைக் காட்டவில்லை, கை மட்டும்தான்: லிப்ஸ்டிக் நிறங்களை மணிக்கட்டில் இழுத்துக் காட்டுவது, தலையை மூடும் மக்கனாத் துணியை மடிப்பது, ஊசி குத்தாமல் ஷால் கட்டுவது. 2020 ஜூன் 29-ம் தேதி ஒரே இரவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், சேர்த்த அத்தனை பேரும் போனார்கள். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்ததும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. அப்போதுதான் முகம் காட்டுவதென்று முடிவெடுத்தேன். கணவரிடம் மூன்று நாள் பேசினேன். தலைமுடி தெரியாது, கழுத்து தெரியாது, ஆடிப்பாட மாட்டேன், சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் என்றேன். "நீ சொல்லித்தர்றது நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி" என்றார். மாமி, கணவரின் உம்மா, ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் தேடி வர ஆரம்பித்ததும் அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

இந்த வேலை என்னவென்று தெரியாமலே பலர் பேசுகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கடலூர் காற்றில் ஈரம் அதிகம். சென்னையில் ஏசி அறையில் இருந்துகொண்டு ஒருவர் காட்டும் ஃபவுண்டேஷன், இங்கே மே மாதத்தில் மஞ்சக்குப்பம் போய்த் திரும்புவதற்குள் வழிந்து இறங்கிவிடும். அதிலும் நெற்றியைச் சுற்றி ஷால் இறுக்கியிருந்தால் வியர்வை அந்த விளிம்பில்தான் சேரும், ஷாலின் ஓரம் முழுக்கக் கறையாகும். அதற்குத் தலைமுடி ஓரத்தில் இருந்து ஒரு விரல் அகலம் விட்டுப் பூசி, பவுடர் வைத்து அழுத்தி, ஐந்து நிமிடம் காயவிட்டு அப்புறம் ஷால் கட்ட வேண்டும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. முக்காடு போடாதவருக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. துணி வேறு இருக்கிறது: சிஃபான் வழுக்கும், ஜெர்சி துணி நிற்கும் ஆனால் சுடும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஊசி, காந்த ஊசி, உள்தொப்பி எல்லாம் மொத்தமாக வாங்கிவருவேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். காலையில் போனால் லுஹர், மதியத் தொழுகைக்கு வீடு வந்துவிடலாம்.

அடுத்து மார்க்கக் கேள்விகள். என் செய்திப்பெட்டியில் பாதிக்குப் பாதி இதுதான். புருவம் திரெடிங் செய்யலாமா என்று கேட்பார்கள். புருவ முடியைப் பிடுங்குபவர்களைக் கண்டித்து நபிமொழி இருக்கிறது, எதுவரைக்கும் அது பொருந்தும் என்பதில் ஆலிம்கள் வேறுபடுகிறார்கள். நான் என் புருவத்தில் கை வைப்பதில்லை, மணப்பெண்களுக்கும் செய்வதில்லை, ஜெல் வைத்து ஒதுக்கி, கன்சீலரால் ஓரத்தைச் சுத்தமாகக் காட்டுகிறேன். இதனால் சில ஆர்டர் போயிருக்கிறது. நெயில் பாலிஷ் போட்டால் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது, கூடுமா என்று கேட்பார்கள், நகத்தில் தண்ணீர் படாதே. நிறையப் பெண்கள் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் போடுவார்கள், அதனாலேயே வீட்டில் ஆண்கள் முன்னால் கையை மறைப்பார்கள். தண்ணீர் ஊடுருவும் பாலிஷ் என்று விற்பதை வாங்கி, டிஷ்யூ காகிதத்தில் பூசிக் காயவைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அடியில் இறங்குகிறதா என்று காட்டினேன். ஒன்றில் தேய்த்தால்தான் இறங்கியது, இன்னொன்றில் இறங்கவே இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், கூடும் கூடாது என்று தீர்ப்பு சொல்கிற இல்மு எனக்கு இல்லை, உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள் என்றேன். லிப்ஸ்டிக்கில் சிவப்புக்காகப் பூச்சியில் இருந்து எடுக்கும் கார்மைன் சேர்ப்பார்கள், டப்பாவில் 75470 என்ற எண் இருந்தால் அதுதான். அதையும் காட்டுவேன்.

இதிலெல்லாம் பெரிய சிரமம் ஒன்று உண்டு. என் வேலையிலேயே நல்ல வேலையை நான் யாருக்கும் காட்ட முடியாது. எங்கள் நிக்காஹ்களில் பெண்கள் பக்கத்தில் போட்டோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், வாசலிலேயே போனை வாங்கி வைக்கிற வீடுகளும் உண்டு. அது சரியென்றே நினைக்கிறேன். ஒரு பெண் தன் அழகான நாளைத் தனக்குப் பிடித்தவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று நினைப்பது அவள் உரிமை. ஆனால் மேக்கப் கலைஞருக்குப் பிழைப்பே போட்டோதான். மற்ற கலைஞர்கள் வாரம் மூன்று மணப்பெண் படம் போடும்போது நான் என் முகத்தையும், என் கையையும், நிறம் பூசிய ஒரு ரப்பர் தலையையும் வைத்துத்தான் காட்டுகிறேன். முகம் காட்டுவது பெருமைக்காக என்று நினைப்பவர்களுக்கு இது தெரியாது. மணப்பெண்ணின் முகத்தைக் காட்டக் கூடாது என்பதால்தான் என் முகம் அங்கே இருக்கிறது.

வெளியே இருந்து வருகிறவர்களின் கேள்வி வேறு மாதிரி. முக்காடு போட்டுவிட்டு எதற்கு மேக்கப், தலையை மூடுபவளுக்கு எதற்கு ஷாம்பு என்பார்கள். இங்கிலாந்தில் ஆமினா கான் என்ற பெண்ணை 2018 ஜனவரியில் லோரியல் நிறுவனம் தலைமுடி விளம்பரத்தில் முக்காட்டோடு நடிக்க வைத்தது. மூடியிருந்தாலும் அது என் முடிதான், நான் அதைப் பேணத்தான் செய்வேன் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சில நாளிலேயே, 2014-ல் இஸ்ரேல் பற்றி அவர் எழுதிய பழைய ட்வீட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டு விலகிக்கொண்டார். அதே 2018-ல் டீனா டோர்க்கியா, பல வருடம் முக்காட்டோடு அழகும் உடையும் பற்றிப் பேசிப் பெரிய பெயர் எடுத்தவர், முக்காட்டை எப்போதும் போடுவதை நிறுத்தினார். அவருக்கு வந்த வசவுகளை 2019 ஜனவரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொன்றாக வாசித்து ஒரு வீடியோ போட்டார். நான் அதை முழுதாகப் பார்த்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் ஒரு பெண்ணை அப்படி ஏசுவதற்கு எந்தக் கிதாபில் இடம் இருக்கிறது?

சரி, அந்த க்ரீம்.

2021 கடைசியில் ஒரு நிறுவனம் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பியது. முகம் வெளுக்கும் க்ரீம், டப்பாவின் மேல் பச்சை எழுத்தில் ஹலால் என்று ஒட்டியிருந்தது. ஒரு ரீல் போட்டால் 6,000 ரூபாய், கூடவே பத்து டப்பா. அதுவரை எனக்கு யாரும் பணம் கொடுத்ததில்லை, ஷால் கடைக்காரர்கள் ஷால் கொடுப்பார்கள், அவ்வளவுதான். என் உழைப்புக்கு முதன்முதலில் ஒரு விலை. ஏழு நாள் நானே பூசிப் பார்த்தேன், முகம் பளிச்சென்றுதான் இருந்தது. ஏழு நாளில் என்ன தெரியும் என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை. பணம் வாங்கியதைச் சொல்லாமல், "நான் தினமும் பூசுறேன், நம்பி வாங்கலாம் சிஸ்டர்ஸ்" என்று சொன்னேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண். கல்லூரி இரண்டாம் வருடம், மாநிறம், களையான முகம். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் "கொஞ்சம் நெறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. என் வீட்டுக்கு வந்து, "லாத்தா, இது போட்டா எனக்கும் ஆகுமா?" என்று கேட்டாள். பத்து டப்பாவில் இரண்டை எடுத்துச் சும்மாவே கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவள் முகம் ட்யூப் லைட் மாதிரி ஆகிவிட்டது. அவள் உம்மா எனக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய இறைச்சி ஆணம் அனுப்பினார்.

அதற்குள் 2022 பிறந்தது. ஜனவரி 1-ம் தேதி, புல்லி பாய் என்ற பெயரில் ஒரு செயலியில் நூறு முஸ்லிம் பெண்களுக்கு மேல் அவர்கள் படத்தைப் போட்டு ஏலம் என்று வைத்திருந்த செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஜூலையில் சுல்லி டீல்ஸ் என்று இதே கொடுமை நடந்திருந்தது. பத்திரிகையாளர்கள், படித்த பெண்கள், சொந்தமாகக் கருத்து பேசியவர்கள், எல்லோரும் தாங்களே போட்ட சாதாரணப் படங்கள். பிறகு போலீஸ் சிலரைப் பிடித்தது, பிடிபட்டவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அன்று ராத்திரி நானா துபாயிலிருந்து போன் செய்து, "எல்லா போட்டோவையும் எடுத்துடு, இப்பவே" என்றார். அவர் குரல் நடுங்கியது. ஊர்ப் பேச்சுக்கு நான் பயந்ததே இல்லை, அன்று பயந்தேன். கணக்கைப் பூட்டி, செயலியையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாதம் உள்ளே போகவில்லை.

அந்த இரண்டு மாதத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு முகம் எரிய ஆரம்பித்தது. வெயிலில் போனால் கன்னம் நெருப்பாகச் சிவக்கும், சின்னச் சின்னப் பரு, கன்னத்தில் பூனைமுடி அடர்த்தியாக வளர ஆரம்பித்தது. என்னிடம் ஓடி வந்தாள். நிறுவனத்து எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தேன். "உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, தொடர்ந்து போடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். பத்து நாள் பொறுத்துக்கோ என்று என் வாயால் சொன்னேன். விளம்பரம் செய்ததைக்கூட விடுங்கள், அது தெரியாமல் செய்தது. அழுதுகொண்டு வந்தவளைத் திரும்ப அதையே பூசச் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

பத்து நாளில் இன்னும் மோசம். நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்கு. புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்த் தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள், நானும் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே டப்பாவைக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தயாரிச்சவங்க விலாசம் எங்கேம்மா இருக்கு?" என்றார். இல்லை. லைசென்ஸ் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, ஹலால் என்ற ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. ஸ்டீராய்டு கலந்த க்ரீமாகத்தான் இருக்கும், இந்த மாதிரி முகங்களை வாரத்துக்கு நிறையப் பார்க்கிறேன் என்றார். ஸ்டீராய்டு பூசினால் முதலில் வெளுக்கும், பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து ரத்த நரம்பு தெரியும், முடி வளரும், விட்டால் பொங்கும், அதனால் விடவும் முடியாது. பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. அதெல்லாம் பெயர் போட்டு விற்கும் மருந்துக்குத்தானே, பெயரே இல்லாத டப்பாவுக்கு ஏது விதி.

வீட்டுக்கு வந்து இன்ஸ்டாகிராமைத் திறந்தேன். இரண்டு மாதமாகத் திறக்காத பெட்டியில் பதினேழு பேர். "சிஸ்டர் முகம் எரியுது நிறுத்தலாமா." "சிஸ்டர் ரிப்ளை பண்ணுங்க." லால்பேட்டை, காரைக்கால், விழுப்புரம், ஒருவர் மலேசியாவில் இருந்து. என் படம் யார் கையிலாவது சிக்கிவிடும் என்று பயந்து நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் பேசினேன். பணம் வாங்கிச் சொன்னேன், தப்பு, உடனே மருத்துவரிடம் போங்கள் என்றேன். இரண்டு பேர் ஏசினார்கள். மற்றவர்கள் ஏசவில்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த ரீலை எடுத்தேன், நடந்ததைச் சொல்லி இன்னொன்று போட்டேன். அதை ஒன்பதாயிரம் பேர்தான் பார்த்தார்கள். க்ரீம் ரீல் பார்த்த மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. நிறுவனத்தின் கணக்கு அடுத்த வாரமே காணாமல் போனது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: முகமும் காலும் வீங்கி, சிறுநீரில் புரதம் இறங்கி வருகிறவர்கள் திடீரென்று அதிகமாகிறார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த அந்த வகை நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு ஓர் அபூர்வ ரகம், அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். தோல் கறுப்பாக்கும் மெலனினைப் பாதரசம் தடுக்கும், அப்படியே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். மலப்புறமும் நம்மூர் மாதிரிதான், வீட்டுக்கு ஒரு சபுராளி, பெட்டியில் ஏதாவது ஒரு க்ரீம். கேரள அரசு 2023-ல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று கடை கடையாகச் சோதனை போட்டது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது, ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வாயில் இருக்கும் வார்த்தையை யார் மாற்றுவது?

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்த நிறுவனம் என் அழகுக்காக என்னிடம் வரவில்லை, என்னைவிட அழகானவர்கள், அதிகம் பேர் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது என் முக்காடு. முக்காடு போட்ட பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று நம் பெண்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்கு 6,000 ரூபாய் விலை வைத்தார்கள், நான் விற்றேன். டப்பாவில் ஒட்டிய ஸ்டிக்கரும் வீடியோவில் இருந்த நானும் அவர்களுக்கு ஒன்றுதான். என் முகம் வெளியே தெரிவது சரியா என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். அந்த முகத்தை வைத்து நான் என்ன விற்கிறேன் என்று ஒரு சாச்சி கேட்டிருந்தால், ஒரு ஹஜ்ரத் பயானில் சொல்லியிருந்தால், நான் ஒருவேளை நின்று யோசித்திருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கச் சொல்கிறேன். இந்த வேலை செய்யும் நம் பெண்களிடம் இதைக் கேளுங்கள்.

பணம் வாங்கியோ பொருள் வாங்கியோ பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்களைப் போலச் சின்னக் கணக்கு வைத்திருப்பவர்களை யாரும் தேடி வரப்போவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே: தேடி வருவது அரசாங்கமாக இருக்காது, பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருப்பாள்.

இப்போது நிறத்தை மாற்றும் எதையும் நான் தொடுவதில்லை. கறுப்பு மருதாணிக் கோனும் கிடையாது. இலை ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது, அரை மணியில் கறுத்தால் அது தலைச்சாயத்தில் போடும் ரசாயனம், கொப்புளம் வரும். உம்மா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த சுருமாவையும் காட்ட மாட்டேன் என்றதற்கு அவருக்கு வருத்தம். நபி கண்ணுக்கு இட்டதைக் குறை சொல்கிறாயா என்றார். சுன்னத்தைக் குறை சொல்லவில்லை உம்மா, இப்போது கடையில் சுருமா என்று விற்கும் பல பொடிகளில் ஈயம் இருக்கிறது, குழந்தைகள் கண்ணில் வைக்கிறார்கள் என்றேன். இன்னும் அவர் சமாதானம் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பெண்கள் என் வீட்டு மாடிக்கு வருவார்கள், அவரவர் வீட்டு க்ரீம்களைப் பையில் போட்டுக்கொண்டு. விலாசம், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி, வெளிநாட்டுப் பொருள் என்றால் இங்கே பதிவு செய்த எண், இதெல்லாம் இருக்கிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இல்லாததை ஒதுக்கி வைப்போம். போன வாரம் ஒரு பாட்டி பதினோரு டப்பா கொண்டுவந்தார், எல்லாம் மகன்கள் அனுப்பியது, அதில் நான்கில் எழுத்தே இல்லை. தூக்கிப்போட மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டே மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருந்தார். போகும்போது நான்கையும் மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணுக்குத் தோல் ஆறப் பதினான்கு மாதம் ஆனது. வெயிலில் இன்னும் கன்னம் சிவக்கிறது. படிப்பை முடித்துவிட்டாள், என்னோடு வேலைக்கு வருகிறாள், வெள்ளிக்கிழமை டப்பா எழுத்துகளைப் படிப்பது அவள்தான். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். போன சனிக்கிழமை காலை ஒத்திகை பார்த்தோம், எங்கள் கிழக்கு ஜன்னலில் ஏழிலிருந்து எட்டரை வரைதான் நல்ல வெளிச்சம் இருக்கும். ஃபவுண்டேஷன் நிறத்தைக் கையில் வைத்துப் பார்க்கக் கூடாது, தாடைக்குக் கீழே கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நிறம் இழுத்தேன், நடுவில் இருந்தது தோலோடு தோலாக மறைந்துவிட்டது. ஒரு நிறம் தூக்கிப் போடட்டுமா, கல்யாணத்துக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் லாத்தா, இதுவே இருக்கட்டும்" என்றாள்.

அவள் மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தப் படம் இங்கே வராது.